உச்சி வெயிலில் பொழுது சாய்ந்தவர்கள்

நண்டுவிளை உப்பளத்தில் பெண்களுக்கு மட்டும் பொழுது சாயத் தொடங்கிய அன்று, சந்தனமாரி உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பின்மேல் நடந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து அவளுக்கு ஒரு கோடைதான் கழிந்திருந்தது, உப்பின் வெண்மை கண்ணைக் குத்துவது இன்னும் பழகியிருக்கவில்லை, அதனால் அந்த வெண்மை திடீரென்று மங்கி, பாத்திகள் சாம்பல் பூத்து, தூரத்து உப்புக் குவியல்கள் குன்றுகளைப் போல் கறுத்து, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கரைந்துபோனபோது, அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, அப்பாடா என்றொரு ஆறுதல்தான்.

பயம் அதற்கப்புறம் வந்தது. காலை எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றாள்.

பாத்திக்குள் இறங்கி வாரு பலகையால் உப்பை இழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் பெரியசெல்வம் நிமிர்ந்து பார்த்தான். "ஏட்டி, ஏன் நிக்க? கொண்டுபோய்த் தட்டிட்டு வெரசலா வா."

"இருட்டிட்டுங்க."

"என்ன இருட்டிட்டு? வெயிலு மண்டையப் பொளக்கு."

வெயில் அவள் மண்டையையும்தான் பிளந்தது. அதுதான் அந்த இருட்டின் கொடுமை. வெளிச்சம் மட்டுமே போனது, சூடு போகவில்லை, உச்சந்தலையில் பெட்டிக்குக் கீழே வியர்வை அப்படியே ஊறி வழிந்தது, காலடியில் உப்பு அப்படியே சுட்டது. அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த லூர்தம்மாள், ஊரில் முதன்முதலாக அவளோடு பேசிச் சிரித்தவள், இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "எனக்கும்தான் தாயி. நீ பைய நட, ஒன் பொறத்தாலயே நான் வாரேன்."

அந்த நேரத்தில் உப்பளத்தில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் இருட்டியிருந்தது. ஆண்களில் ஒருவருக்கும் இருட்டவில்லை. கங்காணி சுடலைமணி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வரப்பு நெடுக மரம்போல் நின்ற பெண்களைப் பார்த்தார், ஒருத்தியின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார், பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணு தெரியலன்னா என்ன, காலு இருக்குல்லா? நடங்க," என்றார். அவர்களும் நடந்தார்கள்.

மாலையில் எல்லாருக்குமாக வருகிற இருட்டு அவர்களுடைய இருட்டோடு வந்து சேர்ந்துகொண்டது. மறுநாள் விடிந்தது, எல்லாரையும் போல அவர்களுக்கும் விடிந்தது. ஆனால் சூரியன் உச்சிக்கு ஏறி முடிவதற்குள் மறுபடியும் பெண்களுக்குப் பொழுது சாய்ந்தது. அதற்கடுத்த நாளும் சாய்ந்தது. அதன்பிறகு அது நண்டுவிளையில் வழக்கமாகிவிட்டது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம், புதிதாக ஒரு பஸ் விட்டால் எடுத்துக்கொள்வதைப் போலத்தான் இருந்தது. முதல் வாரம் பேச்சு, இரண்டாம் வாரம் சலிப்பு, மூன்றாம் வாரம் எல்லாரும் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் காலையிலேயே தண்ணீர் பிடித்து, மாவாட்டி, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்து முடித்தார்கள். டீக்கடை அந்தோணி மத்தியான வெயிலில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டான். பஸ் கண்டக்டர்கள் மகளிர் இருக்கை எது என்று தொட்டுக் காட்டப் பழகினார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், மாதா கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் சொன்னார்கள், இரண்டு தெய்வங்களும் பெண்தெய்வங்கள் ஆனபடியால், அவர்களுக்கும் அந்நேரம் இருட்டித்தான் இருக்கும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்த பெண்கள், "நீங்களாவது பாதிப் பொழுதைப் பாத்தீங்க, எங்களுக்கு என்னைக்கு விடிஞ்சுது?" என்றார்கள். அது கேலியா நிஜமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

டவுனிலிருந்து ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். இளவயது டாக்டரம்மா ஒருத்தி சந்தனமாரியின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றாள். கூட வந்த ஆண் டாக்டர்கள் சாப்பிடப் போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒங்களுக்கு இது எத்தனை மணிக்கு வருதுக்கா?"

"மணி என்னத்தக் கண்டோம் தாயி. கஞ்சி குடிச்சு எழும்புன கொஞ்ச நேரத்துல."

"எனக்குச் சாயங்காலம் வருது. ஓ.பி. முடியற நேரத்துக்கு. நான் களைப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன்." டாக்டரம்மா சந்தனமாரியின் இமையை மெல்ல விட்டாள். "எழுந்து லைட்டைப் போட்டுக்குவேன். அவ்வளவுதான்."

சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் தடுமாறி நடந்ததில் உப்பு சிந்தி வீணாகிறது என்று கங்காணி சொல்லியிருப்பார் போல, ஆளுக்கொரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தார், அதன் விலையை வாராவாரம் பெண்களின் கூலியிலேயே பிடித்துக்கொள்ளும்படி சொன்னார். பிடித்த வாரமெல்லாம், பெண்களுக்குக் கஞ்சி குடிக்கும் முன்பே பொழுது சாய்ந்தது. டார்ச் கடன் அடைந்த வாரம் பொழுது பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அதற்குள் டார்ச்சுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அணைந்துபோயிருந்தன. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியை வெளிச்சத்திலேயே திறந்துகொண்டிருந்தபோது லூர்தம்மாள்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆம்பளைக்கு நாள் பூராவுக்கும் கூலி. நமக்குக் குடுக்குற காசு எந்த நேரத்துல தீருதோ, அந்த நேரத்துல நமக்குப் பொழுது விழுந்துருது. அவ்வளவுதான் இதுல உள்ள சூட்சுமம்."

எல்லாருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது போலவும் இருந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம் போலவும் இருந்தது. சந்தனமாரி அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். பெரியசெல்வம் கெட்டவனில்லை, குடிக்க மாட்டான், கையை நீட்ட மாட்டான், அவள் இருட்டில் நடக்கும்போது பாத்தியிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் நடப்பாள். ஆனாலும் அவன் சொன்னான்: "வாருறதும் சுமக்குறதும் ஒண்ணாட்டி? பலகையப் பிடிச்சு இழுத்துப் பாரு, நெஞ்செலும்பு கழண்டுபோவும்."

"பெட்டிய ஒரு நாளு தலையில வச்சுப் பாருங்களேன்."

"அதுக்கென்ன, வச்சாப் போச்சு," என்றான். வைக்கவில்லை.

வருஷங்கள் போயின. தேர்தல்கள் வந்தன, சட்டம் ஒன்று இருப்பதாகப் படித்தவர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் காலையிலேயே வந்து பார்த்துவிட்டு, பெண்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்வதாக எழுதிக்கொண்டு போனார்கள். கூலி ஏறியது, ஆனால் பெண்களுக்கு ஏறும்போதெல்லாம் ஆண்களுக்கும் ஏறியது, அதனால் பொழுது பூனைபோல் இரண்டு அடி முன்னே வைத்து ஒரு அடி பின்னே போயிற்று. நாடு முழுவதும் இப்படித்தான் என்று பேச்சு வந்தது. பஞ்சாலையில் ஒரு நேரம், தேயிலைத் தோட்டத்தில் ஒரு நேரம், கட்டட வேலையில் ஒரு நேரம், கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு நேரம் என்று பெண்களுக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஒவ்வோர் இடத்திலும் அது அந்த இடத்தின் தட்பவெப்பம்போல ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தது. சந்தனமாரியின் மகள் இசக்கியம்மாள் படித்து, சென்னைக்குப் போய், பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தாய் போனில் கேட்ட முதல் கேள்வி, "ஒனக்கு அங்க எப்பம்மா இருட்டுது?" என்பதுதான்.

"இங்க எப்பவும் லைட்டு எரியும்மா. ஒண்ணும் தெரியாது."

பிள்ளை பெற்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போன மாதத்தில் அவளே கூப்பிட்டாள். "அம்மா, மத்தியானம் ஜன்னல் பக்கம் போயிப் பாத்தேன், வெளிய இருட்டா இருந்துச்சு," என்றாள்.

லூர்தம்மாள் செத்துப்போனது ஒரு பங்குனி மாதம். கடல்தண்ணீர் ஏற்றும் கிணற்றுக்கு அன்று புதிதாகக் கைப்பிடிச் சுவர் கட்டப்போவதாகப் பழைய சுவரை இடித்துப் போட்டிருந்தார்கள். பெண்களுக்குப் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தலையில் சுமையோடு லூர்தம்மாள் வரப்பு மாறி நடந்ததை, முழு வெயிலில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்த அத்தனை பேரும் கத்தினார்கள். ஒருவன் இடதுபக்கம் போ என்றான், ஒருவன் வலதுபக்கம் என்றான், ஒருவன் நில்லு என்றான், பெரியசெல்வமும் என்னத்தையோ கத்தினான், என்ன கத்தினான் என்று அவனுக்கே பிறகு நினைவில்லை. அவள் சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளைக் காணவில்லை. பெரியசெல்வம்தான் கிணற்றில் குதித்து அவளைத் தூக்கினான். தலை கல்லில் பட்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பெண்கள் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள், பேசாமல் சுமந்தார்கள், பொழுது சாய்ந்ததும் பெட்டியை இறக்கி வைத்தார்கள்.

"என்ன சந்தனமாரி?" என்றார் கங்காணி.

"இருட்டிட்டு அண்ணாச்சி. வீட்டுக்குப் போறோம்."

"பாதி வேலை கெடக்கு."

"எங்க வேலை முடிஞ்சுட்டு. கெடக்குறது யாரு வேலையோ தெரியல."

ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அவர்கள் நடந்து போனதை ஆண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். அப்படியே நாலைந்து நாள் போயிற்று. வாரிய உப்பு சுமக்க ஆளில்லாமல் பாத்தியிலேயே கிடந்து ஈரம் கோத்தது. முதலாளி டவுனுக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, சட்டப்படி இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான் என்று சொல்லி அனுப்பினார். பெண்கள் அதைக் கேட்டுக் கும்மியடிக்காத குறைதான். சனிக்கிழமை கூலி போட்டபோதுதான் தெரிந்தது, பெண்களுக்கு ஒன்றும் ஏறவில்லை, ஆண்களின் கூலியை இறக்கிப் பெண்களின் கூலியோடு சமமாக்கியிருந்தார்கள்.

திங்கட்கிழமை சூரியன் உச்சிக்கு ஏறியது, உச்சியைத் தாண்டியது, மேற்கே சரிந்தது, பெண்களுக்கு இருட்டவில்லை. கூலி சமமாகிவிட்டதல்லவா, அதனால் பொழுதுக்குக் கணக்கு சரியாகிவிட்டது. சந்தனமாரி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். அந்த முதல் கோடைக்கு அப்புறம் இத்தனை வருஷத்தில் உப்பளத்தின் பிற்பகலை அவள் பார்த்ததே இல்லை. பாத்திகளில் மேகம் மிதப்பதை, நாரைகள் வரிசையாக இறங்குவதை, உப்பின் வெண்மை மெல்ல மெல்ல மஞ்சளாகிப் பிறகு ரோஸ் நிறமாவதை அவள் பார்த்தாள். பக்கத்துப் பாத்தியில் புருஷனைப் பார்த்தாள். நரைத்துப்போயிருந்தான். பிற்பகல் வெளிச்சத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது, அந்த முகத்தில் அவளைச் சுட்டுவிடுவதைப் போல ஒரு கோபம் இருந்தது.

"நல்லாப் பாரு," என்றான். "என் கூலியில எரியுது ஒன் வெளிச்சம்."

அவள் சுமையோடு நகர்ந்து போனாள். நாரைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்கள் இல்லாமல் நிறுத்தம் நிற்காது என்று தெரிந்து, ஆலமரத்தடியில் கூட்டம் போட்டு அவர்களையும் கூப்பிட்டார்கள். பெரியசெல்வமே எழுந்து பேசினான். "ஏறுனா எல்லாருக்கும் ஏறணும். பொம்பளையாளுக்கும் எங்க பழைய கூலி வேணும். அது வரைக்கும் ஒரு ஆளு பாத்தியில கால் வைக்கப்படாது." சந்தனமாரிக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தங்களுக்குக் கிடைத்திருந்த முழுப் பொழுதை விட்டுவிட்டுப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அரிசி தீர்ந்தது, கடன் கொடுப்பவர்கள் கதவைச் சாத்தினார்கள், இசக்கியம்மாள் அனுப்பியதில் மூன்று வீட்டு உலை கொதித்தது. ஒரு நாள் முதலாளி ஆண்களில் சிலரை மட்டும் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போய் வந்த பெரியசெல்வம், "முடிஞ்சுட்டு. நாளைக்கு வேலை," என்றான். கேட்டதெல்லாம் கிடைத்ததா என்று அவள் கேட்டாள். "சோத்தப் போடு," என்றான்.

மறுநாள் அவள் மனசு நிறைந்து சுமந்தாள். மற்ற பெண்களும் அப்படித்தான் சுமந்தார்கள், யாரோ பாட்டுக்கூட எடுத்தாள். கஞ்சி குடித்து எழுந்த கொஞ்ச நேரத்தில் வெண்மை மங்கியது, பாத்திகள் சாம்பல் பூத்தன, பாடியவள் பாதியில் நிறுத்தினாள். அவன் வாய் திறந்து சொல்லாததைப் பொழுது சொல்லிவிட்டது; ஆண்கள் தங்கள் பழைய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏங்க," என்று அவள் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

பாத்தியில் பலகை இழுபடும் சத்தம் நின்றது. அவள் நடக்கும்போதெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் குரல் அன்று வரவே இல்லை. அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். ஒவ்வொரு பெட்டியாக வரப்பில் இறங்கும் சத்தம் கேட்டது.

அந்த முறை பெண்கள் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் வந்தார்கள், விடியலிலிருந்து தங்கள் பொழுது சாயும்வரை சுமந்தார்கள், சாய்ந்ததும் போனார்கள். மிச்ச உப்பை ஆண்கள்தான் சுமக்கவேண்டியதாயிற்று. பெரியசெல்வம் சும்மாட்டுத் துணியைத் தலையில் தப்பாகச் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். கழுத்து இறங்கியது, கண்ணில் உப்புத்தண்ணீர் வழிந்தது. சனிக்கிழமை கங்காணி அவனுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"வாருனா வாருற கூலி. சுமந்தா சுமக்குற கூலி. நானாப்பா வச்சேன்? எப்பவும் உள்ளதுதான்."

திங்கட்கிழமை பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் உப்பளத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. ஆண்கள் ஒருவர் பேரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ தண்ணீரில் விழுந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, குழந்தை கூப்பிடுவதைப் போல ஒரு குரல், "சந்தனமாரி, சந்தனமாரி," என்றது.

அவள் நின்றாள். "போவாத அக்கா," என்றாள் முன்னால் போனவள். சந்தனமாரிக்கும் போக மனமில்லை. இருந்தாலும் திரும்பி நடந்தாள். காலுக்கு வரப்பு தெரியும்.

"எங்க நிக்கீங்க?"

"தெரியல. எனக்கு இருட்டிட்டு. வெயிலு சுடுது, ஒண்ணும் தெரியல." அவன் கை காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்தது. "இப்படியாட்டி இருந்துச்சு? இத்தனை வருசமும் இப்படியா?"

"பேசாம நடங்க. கிணறு இந்தப் பக்கந்தான் இருக்கு."

பிறகு மற்றப் பெண்களும் திரும்பி வந்தார்கள். ஆண்களைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு அன்று அவர்கள் வீட்டுக்குப் போகாமல் பங்களாவுக்குப் போனார்கள். உச்சி வெயிலில், கண்ணை அகலத் திறந்துகொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி ஒரு ஊரே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து முதலாளி படியிறங்காமல் நின்றார். அன்றைக்கும் அடுத்த நாளும் அவர்கள் அங்கிருந்து போகவில்லை. கடைசியில் சுமக்கும் கூலியை ஏற்றிக் கொடுத்தார், வாருபவர்களுக்குச் சமமாக இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. உப்பு ஏற்றும் லாரிகள் வந்து நிற்கும் பிற்பகல் வரைக்கும் பெண்களுக்குப் பொழுது நீண்டது. சிலர் அது போதும் என்றார்கள். நாரைகள் இறங்கும் நேரம் இன்னும் இருட்டுக்குள்தான் இருந்தது.

ஆண்கள் பலகைக்குத் திரும்பினார்கள், அவர்களுக்கு வெளிச்சமும் திரும்பியது. பெரும்பாலானவர்கள் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசுவதில்லை. பெரியசெல்வம் மட்டும், அவள் பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டதும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பேறி வந்து அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். கங்காணி ஏசினார், அரைநாள் கூலியைப் பிடித்தார், அவன் எழுந்திருக்கவில்லை. முதல் நாள், தன் வெயிலில் இருந்தபடி அவளிடம் கேட்டான்.

"ஒன் இருட்டுல நட்சத்திரம் ஏதும் தெரியுமாட்டி?"

அவள் தலையைத் தூக்கி, வானம் இருக்கவேண்டிய திசையைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்ல," என்றாள்.